கலிஃபோர்னியா மிடில் ஸ்கூல்: மார்க், ரேட்டிங், யாரு படிக்கிறாங்கங்கற கணக்கு, நம்மாளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

வீக்கெண்ட் தமிழ் ஸ்கூல் வாசல்ல பசங்களுக்காக காத்திருக்கும்போதும் சரி, ஏரியா வாட்ஸப் குரூப்லயும் சரி, ஜனவரி பொறந்தா ஒரே பேச்சு தான். எந்த மிடில் ஸ்கூல் நல்லது, ரேட்டிங் எவ்ளோ, எந்த ஸோன்ல வீடு பாக்கலாம் (வீட்டு அட்ரஸ் எந்த ஸோன்ல வருதோ அந்த ஸ்கூல் தான் கிடைக்கும்). ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்விகள் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு. இது கலிஃபோர்னியா பப்ளிக் ஸ்கூலுக்கு மட்டும் தான், டெக்ஸஸ், நியூ ஜெர்சில டெஸ்டும் வேற, ரூலும் வேற.

மிடில் ஸ்கூல்னா எத்தனாவதுல இருந்து எத்தனாவது வரைக்கும்? நம்மூரு நடுநிலைப் பள்ளி மாதிரியா?

இல்லைங்க. நம்மூர்ல நடுநிலைப் பள்ளின்னா ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரே காம்பவுண்டு. இங்க பெரும்பாலும் 6, 7, 8 மூணு வகுப்பு மட்டும் தனி ஸ்கூல், சில இடத்துல 7, 8 மட்டும், சில இடத்துல கிண்டர்கார்டன்ல இருந்து எட்டு வரைக்கும் ஒண்ணாவே இருக்கும். ஒரு மிடில் ஸ்கூலுக்கு மூணு நாலு எலிமெண்டரில இருந்து பசங்க வருவாங்க, அதனால உங்க எலிமெண்டரி எப்படி இருந்துச்சோ மிடில் ஸ்கூலும் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க, கூட்டமே மாறிடும்.

கூகுள்ல வர்ற ரேட்டிங் தவிர உண்மையான டேட்டா எங்க கிடைக்கும்?

எல்லாமே ஓபனா தான் இருக்கு, காசு கட்ட வேணாம். ஸ்டேட் வைக்கிற டெஸ்ட் ரிசல்ட்டுக்கு காஸ்ப் (CAASPP) சைட். கலர் கலரா முள்ளு வச்ச மீட்டர் காட்டறது கலிஃபோர்னியா ஸ்கூல் டேஷ்போர்டு, 2017-ல ஆரம்பிச்சது. எந்த இனத்துல எத்தனை பசங்க, வீட்ல என்ன மொழி, எத்தனை பேர் லீவு அதிகம் போடறாங்க, இதுக்கெல்லாம் டேட்டாக்வெஸ்ட்னு ஸ்டேட்டோட இன்னொரு சைட். இது தவிர ஒவ்வொரு ஸ்கூலும் வருஷா வருஷம் பிப்ரவரி 1-க்குள்ள "சார்க்"னு ஒரு ரிப்போர்ட் கார்டு போட்டே ஆகணும், டீச்சருக்கு முறையான சர்டிஃபிகேட் இருக்கா, கட்டடம் எந்த நிலைமைல இருக்கு வரைக்கும் அதுல வரும். யாரும் அதைப் படிக்கிறதில்ல, ஆனா படிக்கணும்.

காஸ்ப்னா என்ன டெஸ்ட்? அதுல ஃபெயிலானா அடுத்த கிளாஸ் போக முடியாதா?

மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் வருஷா வருஷம், அப்புறம் பதினொண்ணாவதுல ஒருதடவை, இங்கிலீஷும் மேத்ஸும் எழுதுவாங்க. சயின்ஸ் 5, 8-ல ஒருதடவை, ஹை ஸ்கூல்ல ஒருதடவை. கம்ப்யூட்டர்ல தான் டெஸ்ட், பையன் சரியா போடப் போட கேள்வி கஷ்டமாகிட்டே போகும், அதனால நல்லா படிக்கிற புள்ளயும் "ரொம்ப கஷ்டமா இருந்துச்சு"ன்னு தான் வந்து சொல்லும். பாஸ் ஃபெயிலே கிடையாது, கிரேடுலயும் சேராது.

ரிசல்ட் நாலு லெவல், பல வருஷமா எக்ஸீடட், மெட், நியர்லி மெட், நாட் மெட்னு தான் பேரு இருந்துச்சு, நானும் இங்க அதே பேரைத் தான் சொல்றேன். லெவலை மட்டும் பாக்காம பக்கத்துல இருக்கிற நாலு இலக்க நம்பரைப் பாருங்க. மேத்ஸ்ல "மெட்" வாங்க ஆறாவதுல 2552, ஏழாவதுல 2567, எட்டாவதுல 2586 வேணும். ஒரு பொண்ணு ஆறாவதுல 2558 வாங்கியிருக்கான்னு வைங்க, "மெட்". ஏழாவதுல 2560, இப்போ "நியர்லி மெட்". அம்மா பதறி டியூஷன் தேடறாங்க. ரெண்டு பாயின்ட் ஏறித்தான் இருக்கா, ஆனா கோடு 15 பாயின்ட் மேல போயிடுச்சு. ஒரு வருஷத்துக்கு 2 பாயின்ட் ரொம்பக் கம்மி, கவனிக்க வேண்டியது தான், ஆனா "போன வருஷம் தெரிஞ்ச கணக்கு இந்த வருஷம் மறந்துடுச்சு"ன்னு அர்த்தம் இல்ல.

நாங்க பாத்த ஸ்கூல்ல மேத்ஸ் 45 பர்சென்ட் தான் மெட். அப்போ பாதிக்கு மேல பசங்களுக்கு கணக்கே வராதா?

நம்ம ஊர் 100-க்கு 35 பாஸ் மார்க் மனசுல இருக்கிறதால இந்த 45 பயமுறுத்துது. இது மார்க் இல்ல, கோட்டைத் தாண்டின பசங்களோட பங்கு. அந்தக் கோடும் "பாஸ்" கோடு இல்ல, இப்படியே போனா காலேஜுக்கு ரெடியாயிடுவான்னு சொல்ற அளவுக்கு உயரமா வச்ச கோடு.

ஒப்பிட்டுப் பாக்க ஸ்டேட் நம்பர் சொல்றேன். 2018-19-ல கலிஃபோர்னியா முழுக்க இங்கிலீஷ்ல 51 பர்சென்ட், மேத்ஸ்ல 40 பர்சென்ட் பசங்க மெட் இல்ல அதுக்கு மேல. கோவிட் முடிஞ்சு 2021-22-ல மேத்ஸ் 33-க்கு இறங்கிடுச்சு. 2024-25-ல இங்கிலீஷ் 49 கிட்ட, மேத்ஸ் 37. அப்போ உங்க 45 ஸ்டேட்டை விட மேல தான் இருக்கு.

டேஷ்போர்டுல ஆரஞ்சு காட்டுது. ஆரஞ்சுன்னா மோசமான ஸ்கூலா?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், இது தான் வரிசை, நீலம் தான் உச்சம். ஆனா கலர் ரெண்டு விஷயத்தைக் கலந்து வருது: இப்போ எங்க இருக்காங்க, போன வருஷத்துல இருந்து ஏறினாங்களா இறங்கினாங்களா. ஏற்கெனவே மேல இருக்கிற ஸ்கூல் கொஞ்சம் சறுக்கினா நீலம் போய் பச்சை ஆகும், கீழ இருந்து நல்லா ஏறின ஸ்கூலுக்கு மஞ்சள் கிடைக்கும். அதனால கலரை விட்டுட்டு அதுக்குக் கீழ "ஸ்டாண்டர்டுல இருந்து எத்தனை பாயின்ட் மேல, எத்தனை பாயின்ட் கீழ"ன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. நான் மேல சொன்ன 2552, 2567 கோட்டுல இருந்து பசங்க சராசரியா எவ்ளோ தள்ளி இருக்காங்கங்கறது தான் அது. பர்சென்ட் கணக்கை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா கோட்டுக்கு ஒரு பாயின்ட் கீழ இருக்கிறவனும் நூறு பாயின்ட் கீழ இருக்கிறவனும் இதுல ஒண்ணாக மாட்டாங்க.

2020, 2021-க்கு கலர் தேடாதீங்க, கிடையாது. 2022-ல ஏற்ற இறக்கம் இல்லாம நிலைமையை மட்டும் போட்டாங்க, 2023-ல தான் கலர் திரும்ப வந்துச்சு.

கிரேட்ஸ்கூல்ஸ்ல 6 தான் காட்டுது. குரூப்ல எல்லாரும் 9-க்குக் கீழ யோசிக்கவே யோசிக்காதீங்கங்கறாங்க?

கிரேட்ஸ்கூல்ஸ் கவர்மென்ட் இல்ல, ஒரு நான்-ப்ராஃபிட். டெஸ்ட் ஸ்கோர், பசங்க முன்னேற்றம், வசதி கம்மியான பசங்க எப்படி பண்றாங்க, இப்படி சிலதை ஒரு அளவுல கலந்து 1-ல இருந்து 10 வரைக்கும் ஒரே நம்பர் ஆக்கிடறாங்க. ஸில்லோ, ரெட்ஃபின்ல வீட்டு படத்துக்குக் கீழ வர்றதும் அதே நம்பர் தான், அதனால மூணு இடத்துல பாத்தேன் மூணுலயும் 6 தான்னு சொல்லாதீங்க, ஒரே 6-ஐ மூணு தடவ பாத்திருக்கீங்க.

குரூப்ல 9-க்குக் கீழ வேணாம்னு சொல்றவங்கள்ல எத்தனை பேர் அந்த 6-க்குள்ள என்னென்ன இருக்குன்னு திறந்து பாத்திருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. அந்த நம்பர் மேல ஒருதடவை க்ளிக் பண்ணினாலே உள்ள பிரிச்சு காட்டும்.

சரி, ரேட்டிங் கம்மின்னா டீச்சிங் சரியில்லன்னு தானே அர்த்தம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

பல நேரம் இல்ல. ஒரு ஸ்கூலோட மொத்த பர்சென்ட் முதல்ல சொல்றது அந்த ஸோன்ல யாரு குடியிருக்காங்கங்கறதை. அப்பா அம்மா படிப்பு, வருமானம், வீட்ல புக்கு, சாயங்காலம் கூமான், ரஷ்யன் மேத் மாதிரி டியூஷன், இதெல்லாம் மார்க்குல கலந்து தான் வருது. ஸ்கூல் என்ன சொல்லிக் கொடுத்துச்சுங்கறதும் உள்ள இருக்கு, ஆனா மொத்த நம்பர்ல அதைப் பிரிச்சு எடுக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டறேன். ரெண்டு ஸ்கூல், ஒவ்வொண்ணுலயும் 100 பசங்க. முதல் ஸ்கூல்ல 80 பேர் வசதியான வீடு, அதுல 80 பர்சென்ட் மெட், அதாவது 64 பேர். மீதி 20 பேர் வருமானம் கம்மியான வீடு, அதுல 30 பர்சென்ட், 6 பேர். மொத்தம் 70. ரெண்டாவது ஸ்கூல்ல வசதியான வீட்டுப் பசங்க 40, அதுல 85 பர்சென்ட், 34 பேர். வருமானம் கம்மியான வீட்டுப் பசங்க 60, அதுல 40 பர்சென்ட், 24 பேர். மொத்தம் 58. ரேட்டிங்ல முதல் ஸ்கூல் தான் ஜெயிக்கும். ஆனா வசதியான வீட்டுப் பையனும் ரெண்டாவது ஸ்கூல்ல தான் நல்லா பண்றான், வசதி இல்லாத வீட்டுப் பையனும் ரெண்டாவது ஸ்கூல்ல தான் நல்லா பண்றான். எந்த ஸ்கூல் நல்லா சொல்லிக் கொடுக்குது?

நிஜத்துல எப்பவும் இப்படியே இருக்கும்னு சொல்ல வரல. சில ஸ்கூல்ல மொத்தமும் கம்மி, குரூப் குரூப்பா பிரிச்சாலும் கம்மி, அங்க நிஜமாவே பிரச்சினை இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்னாலும் பிரிச்சுப் பாத்தா தான் தெரியும். டேஷ்போர்டுல ஒவ்வொரு சப்ஜெக்ட் கீழயும் "ஸ்டூடன்ட் குரூப்ஸ்"னு இருக்கும், அதைத் திறந்து, பக்கத்து ஊர் ஸ்கூலோட அதே குரூப்போட வச்சுப் பாருங்க.

"சோஷியோ எகனாமிக்கலி டிஸ்அட்வான்டேஜ்டு 60%"னு போட்டிருக்கு. கவர்மென்ட் எப்படி இதைக் கண்டுபிடிக்குது? நம்ம சம்பளம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் லன்ச் ஃபார்ம் வழியா தான். சலுகை விலை சாப்பாட்டுக்கு தகுதி இருந்தா, இல்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே ஹை ஸ்கூல் முடிக்கலைன்னா, இல்ல வீடு இல்லாத பசங்க, ஃபாஸ்டர் பசங்கன்னா (பெத்தவங்ககிட்ட இல்லாம வேற குடும்பத்துல வளர்றவங்க) இந்தக் கணக்குல வருவாங்க. சலுகைக்கு வரம்பு ஃபெடரல் வறுமைக் கோட்டுல 185 பர்சென்ட், நாலு பேர் குடும்பத்துக்கு 2024-25-ல வருஷம் 57,720 டாலர். இந்த நம்பர் நாட்டோட பெரும்பகுதிக்கு ஒண்ணே தான். சான் ஹோசேல எண்பதாயிரம் சம்பாதிச்சு ரெண்டு பெட்ரூம் வாடகை கட்ட திணறுற குடும்பம் இந்தக் கணக்குல வரவே வராது, ஃப்ரெஸ்னோல அதே சம்பளம் ஓரளவு தாங்கும். அதனால பே ஏரியால (சான் ஹோசே, சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம்) இந்த பர்சென்டை அப்படியே நம்பாதீங்க.

2022-23-ல இருந்து கலிஃபோர்னியால எல்லா பசங்களுக்கும் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஃப்ரீ. அதனால ஃபார்ம் எதுக்கு நிரப்பணும்னு நிறைய பேர் விட்டுடறாங்க. அந்த ஃபார்மை வச்சு தான் ஸ்கூலுக்கு கூடுதல் பணம் வருது. 2013-ல வந்த ஃபண்டிங் முறைப்படி வருமானம் கம்மியான பசங்க, இங்கிலீஷ் கத்துக்கற பசங்க, ஃபாஸ்டர் பசங்க ஒவ்வொருத்தருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு (அந்த ஏரியா பப்ளிக் ஸ்கூல்களை நடத்தற அமைப்பு) 20 பர்சென்ட் அதிகமா தர்றாங்க, அவங்க 55 பர்சென்டைத் தாண்டினா அதுக்கு மேலயும் உண்டு. ஆபீஸ்ல ஃபார்ம் கொடுத்தா தயவுசெஞ்சு நிரப்பிக் கொடுங்க.

ரேஸ் கேக்கற இடத்துல நம்ம எதை டிக் பண்ணணும்? "இந்தியன்"னு ஒண்ணு இருக்கே?

அது அமெரிக்கன் இந்தியன், இந்த மண்ணோட பூர்வகுடிகள். புதுசா வந்தவங்க சில பேர் அதை டிக் பண்ணிடறாங்க. நம்ம "ஏசியன்", அதுக்குள்ள "ஏசியன் இந்தியன்". ஹிஸ்பானிக்கா (மெக்ஸிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசற நாட்டு வம்சாவளி) இல்லையாங்கறது தனிக் கேள்வியா வரும், அதுக்கு "இல்ல".

ஏசியன் 50 பர்சென்ட் இருக்கிற ஸ்கூல்னா நல்ல ஸ்கூல்னு கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்ல?

ஏசியன்ங்கற ஒரே பெட்டிக்குள்ள சைனீஸ், வியட்நாமீஸ், கொரியன், ஜப்பானீஸ், மோங் (லாவோஸ் பக்கத்து மலைவாழ் மக்கள்), கம்போடியன், லாவோஷியன், நம்ம எல்லாரும் இருக்கோம். கலிஃபோர்னியா கணக்குல ஃபிலிப்பினோ மட்டும் தனி. எச்1பி-ல வந்த இன்ஜினியர் வீடும், வியட்நாம் போருக்கு அப்புறம் அகதியா வந்து ஃப்ரெஸ்னோல, சாக்ரமென்டோல குடியேறின மோங் குடும்பமும் ஒரே கலர் மீட்டர்ல காட்டப்படறாங்க. ரெண்டு குடும்பத்தோட கதையும் வேற, பசங்களுக்கு வேண்டிய உதவியும் வேற.

ஃப்ரீமாண்ட், குபர்டினோ, டப்ளின், சான் ரமோன் பக்கம் ஏசியன் பர்சென்ட் அதிகமா இருக்கிறதுக்கும் மார்க் அதிகமா இருக்கிறதுக்கும் காரணம் ஒண்ணு தான், படிச்சு விசா வாங்கி வந்து டெக் வேலைல இருக்கிற குடும்பங்கள் அங்க குவிஞ்சிருக்காங்க. மேல 58-க்கும் 70-க்கும் சொன்ன கணக்கு இங்கயும் அப்படியே பொருந்தும். ஸ்டேட் முழுக்க எடுத்தா ஏசியன் பசங்க பத்துல ஒருத்தர், ஹிஸ்பானிக் பசங்க பாதிக்கும் மேல.

அக்கா, கேக்கவே கூச்சமா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. ஹிஸ்பானிக் பசங்க அதிகமா இருக்கிற ஸ்கூல்ல போட்டா நம்ம பையன் பின்தங்கிடுவானா?

கேட்டது நல்லது, ஏன்னா நேரா கேக்காம "அந்த ஏரியா சரியில்ல"ன்னு சுத்தி வளைச்சு தான் குரூப்ல பேசறாங்க. பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிற பையனோட வீட்டு மொழி உங்க பையனோட மார்க்கை இறக்காது. ஸ்கூல் சராசரி கம்மியா இருக்கிறது வேற, உங்க பையனுக்கு அங்க என்ன கிடைக்கும்ங்கறது வேற. முதல்ல அந்த ஸ்கூல்ல ஏசியன் குரூப்போட நம்பரைப் பாருங்க, போதுமான பேர் இருந்தா காட்டும். பல இடத்துல ரேட்டிங் 9 ஸ்கூல்ல இருக்கிற ஏசியன் நம்பருக்கு ரொம்ப தூரமா இருக்காது.

நியாயமா கவலைப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, அது இனம் இல்ல, கோர்ஸ். மேல் லெவல் மேத்ஸ் எடுக்க பத்துப் பேர் தான் இருந்தாங்கன்னா அந்த கிளாஸையே சில வருஷம் நடத்த மாட்டாங்க. பேண்ட், ரோபாட்டிக்ஸ் மாதிரி எலெக்டிவும் அப்படித்தான். இதைப் போய் கேளுங்க. அப்புறம் அந்த ஸ்கூல்ல ஹிஸ்பானிக் பசங்க நம்பர் வருஷா வருஷம் ஏறுதான்னு பாருங்க. தன்கிட்ட அதிகமா இருக்கிற பசங்களை மேல கொண்டு வர்ற ஸ்கூல்ல வேலை தெரிஞ்ச டீச்சர் இருக்காங்கன்னு அர்த்தம், உங்க பையனும் அவங்ககிட்ட தானே படிக்கப் போறான்.

வீட்டு மொழி ஃபார்ம்ல தமிழ்னு போட்டா ஈஎஸ்எல்-ல (இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்கான கிளாஸ்) தள்ளிடுவாங்களாமே, இங்கிலீஷ்னே போட்டுடலாமா?

எல்லாத்துலயும் அதிகமா கேக்கற கேள்வி இது தான். அந்த ஃபார்ம்ல நாலு கேள்வி: பிள்ளை முதல்ல பேசக் கத்துக்கிட்ட மொழி எது, வீட்ல பிள்ளை அதிகமா பேசறது எது, நீங்க பிள்ளைகிட்ட அதிகமா பேசறது எது, வீட்ல பெரியவங்க அதிகமா பேசறது எது. முதல் மூணுல எதுலயாவது தமிழ்னு போட்டா 30 நாளுக்குள்ள எல்பேக்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க. நல்லா பண்ணிட்டா "ஆரம்பத்துலயே இங்கிலீஷ் தெரிஞ்சவன்"னு எழுதிட்டு விட்டுடுவாங்க, அதுக்கப்புறம் எந்தத் தொந்தரவும் இல்ல. இல்லைன்னா இங்கிலீஷ் லர்னர், வருஷா வருஷம் பிப்ரவரில இருந்து மே-க்குள்ள திரும்ப டெஸ்ட். எல்பேக்ல நாலாவது லெவல் வாங்கி, டீச்சர் கருத்து, உங்க கருத்து, இங்கிலீஷ்ல அடிப்படைத் திறமை, இதெல்லாம் பாத்து வெளிய எடுப்பாங்க.

இதுல ஒரு நிஜமான தொல்லை மிடில் ஸ்கூல்ல உண்டு. ஆறாவது வரைக்கும் வெளிய வராத பிள்ளைக்கு இங்கிலீஷுக்குன்னு தனி பீரியட் போடுவாங்க, அதுக்காக ஒரு எலெக்டிவ் போகலாம். உங்க புள்ள ரெண்டாவது படிக்கும்போதே சரளமா பேசியும் இன்னும் லிஸ்ட்ல இருந்தா, எந்தப் பகுதில நிக்குதுன்னு கேளுங்க, பெரும்பாலும் எழுதறதுல தான் நிக்கும். பொய்யா இங்கிலீஷ்னு போடறதை நான் ஆதரிக்க மாட்டேன். சென்னைல இருந்து நேரா ஆறாவதுல வந்து சேர்ற புள்ளைக்கு அந்த உதவி நிஜமாவே வேணும். டேட்டாக்வெஸ்ட்ல வீட்டு மொழிகள் லிஸ்ட்ல தமிழும் தனியா இருக்கு, நம்ம எல்லாரும் இங்கிலீஷ்னு போட்டா அதுல நம்மளைக் காணவே காணோம். ஹை ஸ்கூல் முடிக்கும்போது ரெண்டு மொழி தெரிஞ்சதுக்கு சீல் ஆஃப் பைலிட்ரசி தர்றதும் இதே ஸ்டேட் தான், 2011-ல நாட்டுலயே முதல்ல சட்டம் போட்டது இவங்க.

இங்கிலீஷ் லர்னர் குரூப் மார்க் எந்த ஸ்கூல் எடுத்தாலும் பாதாளத்துல இருக்கே. அவங்களுக்கு யாருமே ஒண்ணும் பண்றதில்லையா?

இந்த குரூப் எப்பவும் கீழ தான் இருக்கும், ஏன்னா நல்லா பண்ற பசங்க குரூப்பை விட்டே போயிடறாங்க (மேல சொன்ன மாதிரி), புதுசா வந்தவங்க உள்ள சேர்றாங்க. இட்லிப் பானைல வெந்ததை எல்லாம் எடுத்துட்டு மீதியைப் பாத்து "ஒண்ணுமே வேகல"ன்னு சொல்ற கதை தான். வெளிய வந்த பசங்களோட மார்க்கையும் சேத்துப் பாருங்க, காஸ்ப் சைட்ல தனியா இருக்கு, பல ஸ்கூல்ல அவங்க இங்கிலீஷ் மட்டும் பேசற பசங்களையே தாண்டியிருப்பாங்க.

இன்னொரு குழப்பம், ஒரே ஸ்கூல், ஒரே வருஷம், காஸ்ப் சைட்ல ஒரு நம்பர், டேஷ்போர்டுல வேற நம்பர்னு நிறைய பேர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறாங்க. டேஷ்போர்டு இந்த குரூப்ல வெளிய வந்து நாலு வருஷம் ஆகாத பசங்களையும் சேத்துக்குது, காஸ்ப் சைட் இப்போ உள்ள இருக்கிறவங்களை மட்டும் எடுக்குது. ரெண்டும் சரி தான்.

சில குரூப்புக்கு நம்பரே இல்லாம ஸ்டார் போட்டிருக்கே, மறைக்கிறாங்களா?

பத்து பேர் இல்ல அதுக்கும் கம்மியா எழுதியிருந்தா யாரோட மார்க்னு கண்டுபிடிச்சிடலாம், அதனால காட்ட மாட்டாங்க. டேஷ்போர்டுல ஒரு குரூப்புக்கு கலர் வரணும்னா 30 பேராவது வேணும். 30 பேர் குரூப்ல ரெண்டு பேர் வீடு மாறிப் போனாலே நம்பர் ஆடும், ஒரு வருஷத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க.

டிசம்பர்ல ஊருக்குப் போறோம், மூணு வாரம் லீவு. இதெல்லாமா ஸ்கூல் ரேட்டிங்ல வரும்?

வரும். டேஷ்போர்டுல "க்ரானிக் ஆப்சென்டீயிசம்"னு ஒரு மீட்டர் எட்டாவது வரைக்கும் உண்டு. வருஷத்துல பத்து பர்சென்ட் நாள் வராத பசங்களை எண்ணுவாங்க, 180 நாள் ஸ்கூல்னா 18 நாள். காய்ச்சல், டாக்டர் லெட்டர் கொடுத்தது எல்லாமே இதுல சேரும். ஸ்கூலோட ரெண்டு வார வின்டர் பிரேக்கோட சேத்து மூணு வாரம் போனா 5 நாள் தான் போகும், பரவால்ல. பிரேக் முடிஞ்சு தை மாசக் கல்யாணத்தையும் பாத்துட்டு வரலாம்னு ஜனவரி கடைசி வரைக்கும் இழுத்தா பதினஞ்சு நாள் ஓடிடும், மார்ச்ல ஒரு ஃப்ளூ வந்தா கணக்கு முடிஞ்சுது. 2021-22-ல ஸ்டேட் முழுக்க 30 பர்சென்ட் பசங்க இந்த லிஸ்ட்ல இருந்தாங்க, 2023-24-ல 20 கிட்ட இறங்கியிருக்கு, கோவிடுக்கு முன்னாடி இருந்த 12-க்கு அது இன்னும் வரல.

போறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல "இண்டிபெண்டென்ட் ஸ்டடி" கேளுங்க. கையெழுத்துப் போட்டு வேலையை வாங்கிட்டுப் போய், மாமியார் வீட்டுத் திண்ணைல உக்காந்தாவது முடிச்சுக் கொண்டு வந்து கொடுத்தா வந்த நாளாவே எண்ணிக்குவாங்க. கலிஃபோர்னியால பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுக்கு பணம் வர்றது தினம் எத்தனை பசங்க வந்தாங்கங்கற சராசரியை வச்சு, அதனால ஆபீஸ்லயும் சந்தோஷமா தான் ஃபார்ம் எடுத்துக் கொடுப்பாங்க.

பையன் மேத்ஸ்ல கெட்டி. ஏழாவது எட்டாவதுலயே அல்ஜீப்ரா எடுக்க விடுவாங்களா?

ஸ்டேட்ல ஒரே ரூல் கிடையாது, டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். சான் ஃப்ரான்சிஸ்கோ 2014-ல எட்டாவது அல்ஜீப்ராவையே எடுத்துட்டாங்க, எல்லா பசங்களும் ஒண்ணா போகட்டும்னு. பத்து வருஷம் சண்டை நடந்து 2024-ல திரும்பக் கொண்டு வர முடிவு பண்ணாங்க. வேற சில ஊர்ல எட்டாவதுல ஜியோமெட்ரி வரைக்கும் போற பசங்க இருக்காங்க. ஒன்பதாவதுல எந்த மேத்ஸ்ல போடறதுங்கறதுக்கு மட்டும் 2015-ல ஒரு சட்டம் வந்துச்சு, எழுதி வச்ச ஞாயமான விதி டிஸ்ட்ரிக்ட்கிட்ட இருக்கணும்னு.

கேக்க வேண்டியது "அல்ஜீப்ரா இருக்கா"ன்னு இல்ல. எத்தனை செக்‌ஷன் நடக்குது, உள்ள போக டெஸ்ட் எப்போ (சில இடத்துல அஞ்சாவது முடியற மே மாசமே வச்சிடுவாங்க), ஒருதடவை விட்டா அப்புறம் சேர வழி இருக்கான்னு கேளுங்க.

டெஸ்ட் ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, காஸ்ப் எழுத வேணாம்னு சொல்லலாமா?

சொல்லலாம், எழுத்துல கொடுத்தா போதும், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஸ்கூல்ல குறைஞ்சது 95 பர்சென்ட் பசங்களாவது எழுதலைன்னா, குறையற ஆளுக்கு இருக்கிறதுலயே கம்மியான ஸ்கோரைப் போட்டு டேஷ்போர்டு சராசரி எடுப்பாங்க. நல்லா படிக்கிற எட்டாவது பசங்க கூட்டமா எழுதாம விட்ட ஸ்கூல் ஒரே வருஷத்துல சரிஞ்ச மாதிரி தெரியறதுக்கு இது ஒரு காரணம்.

மார்க் எல்லாம் சூப்பர், நீலம் தான். அப்போ அந்த ஸ்கூல்ல பிரச்சினையே இருக்காதுல்ல?

மார்க் சொல்லாத விஷயத்துக்கு ஹெல்தி கிட்ஸ் சர்வேன்னு ஒண்ணு இருக்கு. ஏழாவது பசங்ககிட்ட பேர் இல்லாம கேப்பாங்க: ஸ்கூல்ல பாதுகாப்பா உணர்றியா, யாராவது கேலி பண்றாங்களா, உன் மேல அக்கறை உள்ள பெரியவங்க ஒருத்தராவது இங்க இருக்காங்களா, தொடர்ந்து சோகமா இருக்கா. ரிப்போர்ட் ஸ்கூல்கிட்டயோ டிஸ்ட்ரிக்ட் சைட்லயோ கேட்டு வாங்கலாம். நீலக் கலர் ஸ்கூல்ல சோகக் கேள்விக்கு வர்ற பதிலைப் படிச்சுட்டு அப்புறம் வீட்டுக்கு ஆஃபர் போடுங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

சஸ்பென்ஷன் நம்பரையும் பாப்பீங்க. அது கம்மியா இருந்தா அமைதியான ஸ்கூல்னு மட்டும் அர்த்தம் இல்ல, "சொன்ன பேச்சு கேக்கல"ங்கற காரணத்துக்காக மிடில் ஸ்கூல் பசங்களை சஸ்பெண்ட் பண்ணக் கூடாதுன்னு 2020-ல இருந்தே சட்டம் இருக்கு. எந்த குரூப் பசங்களை மட்டும் அதிகமா அனுப்பறாங்கன்னு பாக்கறது தான் உபயோகம்.

அப்போ கடைசியா, கடன் வாங்கியாவது 9 ரேட்டிங் ஸோன்ல வீடு வாங்கறதா, 6 ரேட்டிங் ஸோன்ல நிம்மதியா இருக்கறதா?

உங்க பேங்க் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா மிடில் ஸ்கூல் மூணே வருஷம், லோன் முப்பது வருஷம். என் வீட்டு விஷயமா இருந்தா, அந்த 6-க்குள்ள நம்ம மாதிரி பசங்க நம்பர், மேத்ஸ் செக்‌ஷன், ஏழாவது சர்வே, இந்த மூணும் ஒழுங்கா இருந்தா அங்கயே இருந்துட்டு மிச்சப் பணத்துல பசங்களை வருஷா வருஷம் ஊருக்குக் கூட்டிட்டுப் போவேன் (18 நாளுக்குள்ள). மூணுல ரெண்டு சரியில்லன்னா மாறுவேன்.

வாங்கறதுன்னே முடிவு பண்ணினா, ஸோன் நிரந்தரம்னு நினைக்காதீங்க. வீட்டு விலை ஏறி சின்னப் பசங்க இருக்கிற குடும்பம் வர முடியாம பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சு, குபர்டினோ டிஸ்ட்ரிக்டே 2022-ல எலிமெண்டரி ஸ்கூல் மூடியிருக்காங்க, மூடினா எல்லைக் கோடு மாறும். ஹை ஸ்கூல் வேற டிஸ்ட்ரிக்டா இருக்கவும் வாய்ப்பு உண்டு, "ஃப்ரீமாண்ட் யூனியன் ஹை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்"னு பேரைப் பாத்துட்டு ஃப்ரீமாண்ட்ல வீடு தேடினவங்க இருக்காங்க, அது குபர்டினோ, சன்னிவேல் பக்கம். ரியல்டர் சொன்னதை விட்டுட்டு டிஸ்ட்ரிக்ட் சைட்ல வீட்டு அட்ரஸைப் போட்டு எந்த ஸ்கூல்னு பாருங்க, அந்த ஸ்கூல் நிரம்பிட்டா வேற ஸ்கூலுக்கு அனுப்புவாங்களான்னு ஆபீஸுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுங்க.